ரெட்டுக்கு எத்தனை பாயிண்ட்? கூட்டாளிகளோடு விளையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு மறுநாள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் நான்கு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். ஒருவன் ரெட்டை, அதாவது நடுவில் இருக்கும் சிவப்புக் காயைப் போட்டான். அடுத்த அடியில் கவர், அதாவது அதை உறுதிசெய்யப் போட வேண்டிய தன் காய், விழவில்லை. "பரவால்ல, அடுத்த ரவுண்டுல போட்டுக்கிறேன்" என்றான். எதிரில் இருந்தவன் ரெட்டைக் குழியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தான். இவன் திரும்ப எடுத்தான். அவன் திரும்ப வைத்தான். நாலாவது தடவை எடுத்தவன் ரெட்டைக் கீழே எறிந்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்காகத் தட்டில் வைத்த முறுக்கு அப்படியே கிடந்தது. இருவரும் ஒரே செம்பனை ஆலையில் வேலை செய்பவர்கள், பன்னிரண்டு வருடப் பழக்கம்.

யார் சொன்னது சரி? 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட அனைத்துலக கேரம் சம்மேளனத்தின் விதிப்படி, ரெட் விழுந்தால் அடுத்த அடியிலேயே கவர் விழ வேண்டும். விழாவிட்டால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். ரெட்டுக்கு 3 பாயிண்ட், அதுவும் ஆடுபவரின் கணக்கு 21 வரைக்கும்தான். 25 பாயிண்ட் எடுப்பவர் வெல்வார், அல்லது எட்டு போர்டு (சுற்று) முடிந்ததும் யார் முன்னால் இருக்கிறாரோ அவர்.

ஆனால் ஓடிப்போனவன் ஏமாற்றுக்காரன் இல்லை. அவன் வளர்ந்த தோட்டத்தில் அப்படித்தான் ஆடியிருக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் ரெட்டுக்கு 5, இன்னொன்றில் 50. தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிவந்தபோது, சட்டிபானையோடு இந்தச் சட்டங்களும் வந்துவிட்டன. நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: நமக்குத் தெரிந்த விதியே எல்லாருக்கும் தெரிந்த விதி என்று நினைத்துக்கொண்டு ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுப்பது. ரெட்டுக்கு எத்தனை, கவர் எப்போது, ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் எத்தனை காய் திரும்ப வைக்கணும்? மூன்று கேள்விதான். அரை நிமிடம்கூட ஆகாது.

என் பாட்டி இந்தத் தவறைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) தன் சோங்காக் பலகையைக் கொண்டுவந்தார். பார்ப்பதற்கு நம் பல்லாங்குழி மாதிரியே, பக்கத்துக்கு ஏழு குழி. பாட்டி உற்சாகமாக உட்கார்ந்துவிட்டார். சோங்காக்கில் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு, அதுதான் 'வீடு'. சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒரு காய் போட்டுக்கொண்டு, எதிராளியின் வீட்டைத் தாண்டிப் போக வேண்டும். கடைசிக் காய் தன் வீட்டிலேயே விழுந்தால் இன்னொரு ஆட்டம் கிடைக்கும். பாட்டிக்குத் தெரிந்த பல்லாங்குழியில் வீடே கிடையாது. காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளிப் போட்டுக்கொண்டே போகணும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்த குழியை எடுத்துக்கொள்ளணும். நாலு சேர்ந்தால் பசு. பாட்டி பசு எடுக்க, மக்சிக் திகைக்க, இருவருக்கும் பொதுவாக இருந்த மலாய் நாற்பது சொல்லைத் தாண்டாது. நல்லவேளை, இருவரும் சிரித்துவிட்டார்கள். நம் கூட்டாளிகள் சிரிப்பதில்லை.

ஊனோ சீட்டு வைத்திருக்கும் வீடுகளில் சண்டை வேறு மாதிரி. அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்கவைக்கும் +2 மேல் +2, நான்கு எடுக்கவைக்கும் +4 மேல் +4 என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி ஆள் பன்னிரண்டு சீட்டு எடுப்பதுதான் எங்கள் ஊரில் வேடிக்கையே. விதிப்படி அப்படி அடுக்கக் கூடாது. அதை வெளியிடும் நிறுவனமே 2019இல் பகிரங்கமாகச் சொன்னது. அதோடு, கையில் நடப்பு நிறம் இருக்கும்போது +4 போடக் கூடாது. சந்தேகம் வந்தால் எதிராளி 'காட்டு' என்று கேட்கலாம். பொய் என்றால் போட்டவர் 4 எடுப்பார், உண்மை என்றால் கேட்டவர் 6 எடுப்பார். இந்தச் சவால் விதியை வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள், அடுக்கி ஆடுவதைவிட எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் எல்லாரும் அடுக்க ஆசைப்பட்டால் அடுக்குங்கள். கலைந்துபோன எங்கள் ஆட்டம் ஒவ்வொன்றிலும் விதி பாதியில்தான் மாறியிருக்கிறது.

கேரம் பற்றி இன்னொன்று. போர்டில் வாசனைப் பவுடர் கொட்டாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது திரண்டு, காய் நடுவழியில் நின்றுவிடும். கேரமுக்கென்றே விற்கும் போரிக் பவுடர் கொஞ்சம் போதும். அது வயிற்றுக்குள் போகக் கூடாத சாமான், அதனால் ரொட்டி சானாயைப் பிய்ப்பதற்கு முன்னால் கையைக் கழுவுங்கள்.

அடுத்த தவறு ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில். ஐந்து பேர் வந்த வீட்டில் ஒருவன் ஆசையாகக் 'காட்டான்' (Catan) என்ற பலகை ஆட்டத்தின் பெட்டியைத் திறந்தான். கூடுதல் பெட்டி வாங்காவிட்டால் அது மூன்று அல்லது நான்கு பேர் ஆட்டம். ஐந்தாவது ஆள் இரண்டு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், அடுத்த வாரம் அவன் வரவில்லை. பெட்டியின் மேலேயே எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

மோனோபோலி முடியவே முடியாது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி: முடியாததற்குப் பெரும்பாலும் நாமே காரணம். ஒருவர் இறங்கிய இடத்தை அவர் வாங்காவிட்டால், அதை அப்போதே ஏலம் விட வேண்டும் என்பது விதி. நாம் சும்மா விட்டுவிடுகிறோம். அப்புறம், வரிப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து, ஃப்ரீ பார்க்கிங்கில் இறங்குபவருக்கு அள்ளிக் கொடுக்கிறோம். அப்படி ஒரு விதியே கிடையாது. திவாலாக வேண்டியவனுக்கு மறுபடி மறுபடி காசு கொடுத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் எப்படி முடியும்?

சரி, போனுக்கு வருவோம். இப்போது எங்கள் குழுவில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் சிலாங்கூரிலும் இருக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கு மொபைல் லெஜண்ட்ஸ் என்ற போன் ஆட்டத்தில்தான் சந்திப்பு. 2024இல் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்தில் அந்த ஆட்டத்தின் அனைத்துலகப் போட்டியான எம்எஸ்சி கோப்பையை வென்றதிலிருந்து, எங்களில் ஒவ்வொருவனும் தன்னை அந்த அணியின் ஆறாவது ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொள்கிறான்.

இங்கே பெரிய தவறு, ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்ற நினைப்பு. கேரம் என்றால் அம்மா கூப்பிட்டால் எழுந்து போய் வரலாம். இதில் முடியாது. ஐந்துக்கு ஐந்து, ஒருவன் போனால் மிச்ச நாலு பேர் ஐந்து பேரோடு மோத வேண்டும். போனவனுக்குக் கிரெடிட் புள்ளியும் குறையும். ஒரு சுற்று கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கால் மணி நேரம் உங்களுடையதா என்று பார்த்துவிட்டு 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். அடுப்பில் கறி கொதிக்கிறதென்றால் ரேங்க் (தரவரிசைக்கான ஆட்டம்) ஆடாதீர்கள். ஷிஃப்டுக்குப் போக இருபது நிமிடம் இருந்தாலும் அதே கதைதான். அழைப்புகளை மௌனமாக்கி வையுங்கள், கடைசி நிமிட மோதலில்தான் மாமா கூப்பிடுவார்.

லைன் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. "எங்க வீட்ல 100 எம்பிபிஎஸ், எனக்கு எப்படி லேக் வரும்?" என்பார்கள். ஆட்டத்துக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை, அது அனுப்புவது மிகக் கொஞ்சம் தகவல். பார்க்க வேண்டியது பிங், அதாவது நீங்கள் விரலை வைத்த செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் மில்லி வினாடிகள். திரையில் அந்த எண் பச்சையாக இருந்தால் சரி, சிவப்பானால் ஆட்டம் போச்சு. அது சிவப்பாவதற்கு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கும்: தங்கை படம் இறக்கிக்கொண்டிருப்பாள், அல்லது ரூட்டர் ஹாலில் இருக்க நீங்கள் குசினியில் உட்கார்ந்திருப்பீர்கள். ரூட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது. இரண்டு சுவர் தாண்டிவிட்டால் 2.4தான் எட்டும். செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரே டவரை நம்பியிருக்கும் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாதாரண ஆட்டம் ஆடலாம்.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகைச் சுவர் வீட்டில் இரவு பதினொன்றுக்கு நீங்கள் கூட்டாளியைத் திட்டுவது அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கும் கேட்கும். கேட்பதைவிட, அவர் காலையில் அதை உங்கள் அப்பாவிடம் சொல்வது மோசம். தோற்ற உடனே யாருடைய தப்பு என்று அலசுவதும் வேண்டாம். மறுநாள் மாமாக் கடையில் தே தாரிக்கோடு அலசினால் அதே தப்பு நகைச்சுவையாகிவிடும்.

கடைசியாகப் பணம். 'இலவச டைமண்ட்' (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு) என்று வரும் லிங்க் எதுவும் உண்மையில்லை. அது உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் போனுக்கு வரும் டிஏசி உறுதிப்படுத்தும் எண்ணையும் பிடுங்க வருவது. அதைவிட நுட்பமான பொறி, ஏற்கெனவே உயர்ந்த ரேங்கில் இருக்கும் கணக்கை விலைக்கு வாங்குவது. விற்றவனிடம் பழைய மின்னஞ்சல் இருக்கும் வரை அவன் எப்போது வேண்டுமானாலும் 'என் கணக்கு தொலைந்துவிட்டது' என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கணக்கு விற்பனையே ஆட்டத்தின் விதிக்குப் புறம்பானது என்பதால் யாரிடமும் போய் முறையிடவும் முடியாது. வங்கியிலிருந்தோ இ-வாலட்டிலிருந்தோ பணம் மோசடியில் போய்விட்டால், உடனே 997க்கு அழையுங்கள், அது மோசடிகளுக்கான தேசிய மையத்தின் எண். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

நான் அழைக்கவில்லை. 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு கணக்கு வாங்கினேன், ஒன்பதாவது நாள் உள்ளே நுழைய முடியவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன். அந்தக் கணக்கு இன்னும் என் பழைய கணக்கின் நண்பர் பட்டியலில் இருக்கிறது. சில இரவுகளில் அதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்.