வியட்நாம் விசா முடியப் போகிறதா? மொக் பாய் எல்லை தாண்டிப் புது விசாவோடு திரும்புவது எப்படி

வியட்நாமைப் பொறுமையாகச் சுற்ற, இ-விசா (இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் விசா) தரும் 90 நாளும் போதாது. ஹா ஜாங் மலையில் தொடங்கி, ஹோய் ஆன், தா லாத் என்று தெற்கே இறங்கி ஹோ சி மின் நகரத்துக்கு வந்து சேரும்போது இ-விசாவில் சில நாள்தான் மிச்சமிருக்கும். அங்கிருந்து மொக் பாய் என்ற கம்போடிய எல்லைச் சாவடி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்த வழியில் போய்ப் புது விசாவோடு திரும்புவதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு. இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் கம்போடிய விதிமுறையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ‘காலையில் போய் மதியமே திரும்பிவிடலாம்’ என்று இணையத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிக்காரர்களுக்கு 45 நாள் விசா இல்லாமலே அனுமதி உண்டு. நமக்கு அது கிடையாது. புது விசா இல்லாமல் திரும்பி வந்தால் வியட்நாமுக்குள் விடமாட்டார்கள். கம்போடிய விசாவும் ஒருமுறை நுழையத்தான் என்பதால், மறுபடி பணம் கட்டி அங்கேயே போக வேண்டியதுதான். பலமுறை நுழையும் 50 டாலர் வியட்நாம் விசா வைத்திருந்தாலும், வெளியே போய் வந்தால் நாள் கூடாது. அதில் போட்டிருக்கும் கடைசித் தேதி அப்படியேதான் இருக்கும்.

படி 1: கிளம்பும் முன்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். ஒரு புகைப்படமும் அமெரிக்க டாலரும் எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் நோட்டில் கவனம். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் கம்போடியாவில் வாங்க மறுப்பார்கள். புது நோட்டாக, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எல்லை தாண்டுவது

ஹோ சி மின் நகரத்தின் ஃபாம் ஙூ லாவ் பகுதியில் கம்போடியத் தலைநகர் நோம் பென் போகும் பஸ் கிடைக்கும். பழைய விசா முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஏறிவிடுங்கள். பஸ்ஸில் உதவியாளர் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, விசாவுக்கு என்று கூடுதலாகப் பணம் கேட்பது உண்டு. ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லலாம். மொக் பாயில் வெளியேறும் முத்திரை, அப்புறம் எதிரே பாவெட்டில் கம்போடிய விசா. சுற்றுலா விசாவுக்கு 30 டாலர், 30 நாள் தங்கலாம்.

படி 3: நோம் பென்னில் விண்ணப்பம்

வியட்நாமுக்குள் இருந்துகொண்டே அடுத்த விசாவுக்கு விண்ணப்பிப்பதைவிட, வெளியே வந்தபின் செய்வதுதான் நிம்மதி என்பது என் கருத்து. வியட்நாம் அரசு இணையதளத்தின் முகவரி ‘கவ்.விஎன்’ (gov.vn) என்று முடியும். அதே மாதிரி தோற்றத்தில் இரண்டு மடங்கு பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. ஒருமுறை நுழையும் விசாவுக்குக் கட்டணம் 25 டாலர்.

தமிழர்கள் நிதானமாக நிரப்ப வேண்டிய இடம் பெயர்தான். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் அங்கே இருக்கும். பழக்கத்தில் இனிஷியல் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் ‘<<<’ குறிகளோடு இருக்கும் வரியில் எழுத்துகள் எப்படியோ அப்படியே தட்டுங்கள்.

நுழையும் இடமாக மொக் பாயைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க நாளை நீங்கள் திரும்பும் நாளாகவே கொடுங்கள். விசா அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும், தாமதமாக நுழைந்தால் அந்த நாள்கள் போனதுதான்.

மூன்று வேலை நாள் என்பார்கள். சனி, ஞாயிறு கணக்கில் வராது. டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டு, ஏப்ரல் 30, செப்டம்பர் 2 ஆகிய அரசு விடுமுறைகள் பக்கம் என்றால் இன்னும் இழுக்கும். ஒரு வாரம் ஒதுக்கி, அதற்குள் அங்கோர் வாட் பார்த்துவிட்டு வாருங்கள். அதைப் பார்க்காமல் எல்லையோடு திரும்புவது பெரிய இழப்பு.

படி 4: திரும்புவது

விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தவறு இருந்தால் எல்லைக்குப் போகாதீர்கள், புதிதாக விண்ணப்பியுங்கள். சரியாக இருந்தால் இரண்டு பிரதி அச்செடுத்து அதே பஸ் பாதையில் திரும்பலாம்.

மொக் பாயில் முத்திரை விழுந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் அதிலுள்ள கடைசித் தேதியைப் பாருங்கள். விசாவில் உள்ள தேதியோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே, அந்த அதிகாரியிடமே காட்டித் திருத்தச் சொல்லுங்கள். ஊருக்குள் வந்தபின் திருத்துவது பெரிய அலைச்சல்.