எந்தக் கதை எங்கே போனது?

போன வருஷம் ஒரே சிறுகதையை இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டு மறந்துபோனேன், இரண்டிலும் ஒரே மாதத்தில் வந்துவிட்டது, அதில் ஓர் ஆசிரியர் இன்றுவரை என் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை. அதற்குப் பிறகுதான் அனுப்புவதையெல்லாம் குறித்துவைக்க, கல்லடியில் ஒரு சிஆர் கொப்பி (கெட்டி அட்டை போட்ட கொப்பி) வாங்கினேன்.

ஒரு படைப்புக்கு ஒரு பக்கம். மேலே தலைப்பும் சொல் எண்ணிக்கையும்; கீழே அனுப்பிய திகதி, எங்கே, தட்டச்சு செய்தது பழைய பாமினி எழுத்துருவிலா யூனிகோடிலா (இதை எழுதாமல் விட்டால், திரும்ப அனுப்பச் சொல்லும்போது தலை சுற்றும்), பதில், காசு வந்ததா. கூகுள் ஷீட் பிடித்தவர்கள் அதிலேயே போடலாம், எனக்குக் கரண்ட் போனாலும் திறக்கிற கொப்பிதான் சரி.

முக்கியமாக, அனுப்பும் அன்றே மூன்று மாதம் தள்ளி ஒரு திகதியைப் பென்சிலால் குறித்து, போன் கலண்டரிலும் போட்டுவிடுங்கள். அன்றைக்கும் பதில் இல்லையென்றால் இரண்டு வரியில் விசாரியுங்கள், அதற்கும் சத்தமில்லையா, படைப்பை மீளப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

அப்புறம், கோப்பின் பெயரிலும் திகதி இருக்கட்டும். 'புதியது கடைசி 2' என்று பெயர் வைத்து, திருத்தாத பிரதியை அனுப்பியவன் நான்.