வேலையை விடாமல் இணையச் சந்தையில் விற்பது: கரூர்த் துண்டை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சம்பள வேலையை விடாமல், மாலை நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் கொண்டு அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற இணையச் சந்தைகளில் பொருள் விற்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குத் திறப்பது ஓரிரு நாள் வேலைதான். ஒரு பார்சல் வீட்டை விட்டுப் போய், அதற்கான பணம் வங்கிக்கு வந்து சேரும்போது கையில் எவ்வளவு நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. பொருள் தேர்வு முதல் பேக்கிங் வரை எல்லாமே அந்த ஒரு கணக்கைச் சார்ந்தே நிற்பதால், இந்த வழிகாட்டியும் அதைச் சுற்றியே அமைகிறது.

அதற்கு முன் ஒன்று. அரசு ஊழியர்கள் உரிய அனுமதியின்றித் தனியார் வணிகத்தில் ஈடுபடுவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோரும் பணி நியமனக் கடிதத்தில் வேறு தொழில் செய்வதைப் பற்றிய நிபந்தனை உண்டா என்று படித்துப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

எந்தப் பொருள்?

எடை குறைவானது, உடையாதது, கெடாதது, உடம்பின் அளவுக்குப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லாதது: இந்த நான்கும் பொருந்தும் பொருளே பகுதிநேர விற்பனையாளருக்கு ஏற்றது. ஆயத்த ஆடை எடுத்தால் அளவு சரியில்லை என்றே பல பார்சல்கள் திரும்பி வரும். ஊறுகாய், பொடி வகைகளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும், கசிவு, காலாவதி என்ற கவலைகளும் கூடவே வரும். கரூர், சென்னிமலை, ஈரோடு வட்டாரத்தில் இருப்பவருக்குப் பருத்தியில் நெய்த சமையலறைத் துண்டு, தலையணை உறை போன்றவை கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கின்றன. தறி உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசவும், குறை இருந்தால் மாற்றி வாங்கவும் முடிவது சிறு முதலீட்டாளருக்குப் பெரிய பலம். முதல் கொள்முதல் நூறு செட்டுக்கு மேல் போகாமல் இருப்பதும், ஜி.எஸ்.டி. போட்ட பில்லுடன் வாங்குவதும் நல்லது.

புவிசார் குறியீடு பெற்ற பொருளானால் கூடுதல் கவனம் தேவை. விசைத்தறியில் ஓட்டிய விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்று பட்டியலிடுவது சட்டத்துக்குப் புறம்பானது. அது பவானி நெசவாளியின் வயிற்றில் அடிக்கும் செயலும்கூட.

கையில் நிற்கும் பணம்

நான்கு சமையலறைத் துண்டுகள் கொண்ட ஒரு செட்டை வரி உட்பட 349 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கட்டண விகிதங்கள் தளத்துக்குத் தளமும் பொருளுக்குப் பொருளும் மாறுவதால், இங்கே தருபவற்றைக் கணக்குக்காக எடுத்த எண்களாகக் கொண்டு, தளத்தின் கட்டணக் கணிப்பானில் உங்கள் பொருளுக்கான எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். கமிஷன் 31 ரூபாய், ஒவ்வோர் ஆர்டருக்குமான நிலையான கட்டணம் 20 ரூபாய், கூரியர் 65 ரூபாய் என்றால் மொத்தம் 116 ரூபாய். இந்தக் கட்டணங்களின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்போது 137 ரூபாய் ஆகிறது. மீதி 212 ரூபாயில், 5 சதவீத வரியோடு துண்டின் கொள்முதல் விலை 147 ரூபாயும் பேக்கிங் 10 ரூபாயும் போக, கையில் நிற்பது 55 ரூபாய். வாங்கியபோது கட்டிய வரியும் கட்டணங்களின் மேல் கட்டிய வரியும், கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவாகக் கிடைப்பதால், விற்பனை வரியாக மேற்கொண்டு பணம் கட்ட வேண்டியிருக்காது.

இத்தோடு நிறுத்திவிட்டு லாபம் உண்டு என்று இறங்குகிறவர்களே பெரும்பாலோர். பத்துப் பார்சல் அனுப்பி அதில் இரண்டு திரும்பி வந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். எட்டு விற்பனையில் 440 ரூபாய் வருகிறது. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் ரிட்டர்ன் கட்டணம் 85 ரூபாயும் வீணான பேக்கிங் 10 ரூபாயும் சேர்த்து, இரண்டுக்கும் 190 ரூபாய் போகிறது. மிச்சம் 250. அந்த இரண்டில் ஒரு செட் அழுக்காகவோ நனைந்தோ வந்து மறுபடி விற்க முடியாமல் போனால் இன்னும் 147 ரூபாய் நஷ்டம், ஆக மிஞ்சுவது 103 ரூபாய். இதன் மேல் ஆர்டர் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் விளம்பரத்துக்குச் செலவிட்டால் கையிலிருந்து பணம் போடுகிறோம் என்று பொருள். ஆகவே 349 ரூபாய்க்கு இந்தப் பொருளை விற்கக் கூடாது. ஆறு துண்டு செட்டாக்கி விலையை உயர்த்த வேண்டும், அல்லது கொள்முதல் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது பொருளையே மாற்ற வேண்டும். மற்றவர் 299 ரூபாய்க்கு விற்கிறாரே என்று நாமும் இறங்குவது தவறு. அவர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறவராக இருக்கலாம், அல்லது இந்தக் கணக்கைப் போடாதவராக இருக்கலாம்.

கூரியர் கட்டணத்தைக் குறைக்க ஓர் எளிய வழி பேக்கிங்கிலேயே இருக்கிறது. பார்சலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவது பருமன் எடை. அமேசான் இந்தப் பருமன் எடை, உண்மை எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் போடுகிறது. 350 கிராம் துண்டை 30, 25, 10 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்தால் ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதையே தட்டையாக மடித்து அழுத்தி 25, 20, 4 சென்டிமீட்டர் அளவில் கூரியர் கவரில் போட்டால் 400 கிராமில் முடிந்துவிடும்.

பதிவும் வரியும்

இணையச் சந்தை மூலம் விற்கிறவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் இதில் ஒரு தளர்வு உண்டு. பான் எண் உள்ள சிறு விற்பனையாளர், சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டுமே விற்பதானால், ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டு பதிவின்றியே விற்கலாம். மீஷோ இத்தகைய விற்பனையாளர்களை ஏற்கிறது. ஆனால் பெங்களூரிலிருந்து வரும் ஆர்டரை அனுப்ப முடியாது, உள்ளீட்டு வரவும் கிடையாது. பொருள் விற்குமா என்று சோதித்துப் பார்க்க இது போதும். தொடர்ந்து செய்வதென்று முடிவானதும் முழுப் பதிவுக்கு மாறிவிடுவதே முறை.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. வீட்டு முகவரியையே தொழில் இடமாகக் காட்டலாம். வாடகை வீடானால் ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் தேவைப்படும். பதிவு பெற்றபின், விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இணையச் சந்தைத் தளம் உங்கள் விற்பனை மதிப்பில் 0.5 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியாகப் பிடித்து ஜி.எஸ்.டி. கணக்கில் செலுத்தும். அதை ஆடிட்டர் கவனித்து, ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ள உங்கள் பணப் பேரேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசமே. இவற்றைச் செய்து தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களுக்கும், கணக்கை ஆக்டிவேட் செய்ய ஓ.டி.பி. கேட்டு அழைப்பவர்களுக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பட்டியலும் பேக்கிங்கும்

துண்டு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கிறது, நிறம் வேறாக இருக்கிறது. இரண்டையும் படத்திலேயே தடுக்கலாம். முதல் படம் தளம் கேட்கும் வெள்ளைப் பின்னணியில் இருக்கட்டும். அடுத்த படத்தில் துண்டை ஒரு சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் விரித்து, நீள அகலத்தைச் சென்டிமீட்டரிலும் அங்குலத்திலும் எழுதிக் காட்ட வேண்டும். நிறம் சரியாக விழ, காலை வேளையில் ஜன்னலோரம் படம் எடுப்பது நல்லது. குழல்விளக்கில் எடுத்தால் நிறம் மாறித் தெரியலாம். முதல் சலவையில் சற்றுச் சுருங்கும், சாயம் இறங்கும் என்றால் அதையும் விவரத்தில் எழுதிவிட வேண்டும். அதனால் சில ஆர்டர் குறையலாம், ஆனால் குறைபவை திரும்பி வந்திருக்கக்கூடியவையே.

ஒவ்வொரு செட்டின் மேலும் பொருளின் பெயர், எண்ணிக்கையும் அளவும், அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், இறக்குமதிப் பொருளானால் தயாரான நாடு, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அச்சிட்ட லேபிள் இருக்க வேண்டும். சட்டமுறை எடையளவுத் துறையின் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. பார்சல் கட்டுவதையும், திரும்பி வந்த பார்சலைப் பிரிப்பதையும் லேபிள் தெரியும்படி இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். நல்ல துண்டு அனுப்பிக் கந்தல் திரும்பி வந்தால் தளத்திடம் இழப்பீடு கேட்க அந்த வீடியோதான் சாட்சி. கோருவதற்குக் கெடு உண்டு என்பதால் ரிட்டர்ன் வந்த அன்றே பிரித்துப் பார்ப்பது அவசியம்.

கூரியர்காரர் பெரும்பாலும் பகலில் வருவார், நீங்கள் அப்போது அலுவலகத்தில் இருப்பீர்கள். வீட்டில் பார்சலை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க ஒருவர் இல்லையென்றால் வீட்டிலிருந்து அனுப்பும் முறை ஒத்துவராது. சரக்கைத் தளத்தின் கிடங்கிலேயே வைத்து அனுப்பலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கிடங்கு வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஊருக்குப் போகும் நாட்களில், புதிய ஆர்டர் வராமல் நிறுத்தி வைக்கும் விடுமுறை அமைப்பைத் தளத்தில் போட்டுவிட வேண்டும், தாமதமான ஆர்டர்கள் கணக்கின் மதிப்பைக் குறைத்துப் பட்டியலைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

மூன்று மாதம் முடிந்ததும், தளம் பிடித்ததையும் கொடுத்ததையும் காட்டும் செட்டில்மெண்ட் அறிக்கையை இறக்கி, முதலில் எழுதிய 55 ரூபாய்க் கணக்கின் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ரிட்டர்ன் எந்த நிறத்துக்கு அதிகம், எந்த மாவட்டத்துக்குக் கூரியர் கூடுதல் என்பது அதில் தெரியும். தேறாத நிறத்தை நிறுத்திவிட்டுத் தேறியதை மட்டும் தறிக்காரரிடம் மறுபடி சொல்லுங்கள். தீபாவளிக்கு வேண்டிய சரக்கானால் ஆடி மாதத்திலேயே சொல்லி வைக்க வேண்டும், ஆவணி பிறந்துவிட்டால் தறிகள் பெரிய ஆர்டர்களுக்குப் போய்விடும்.