நமீப் பாலைவனத்தைக் கடலிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

தென்மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நமீபியாவுக்குப் போகிறவர்களில் பலர் தலைநகர் விண்டுக்கில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, நேராக சோசஸ்ஃப்ளேயின் சிவப்பு மணற்குன்றுகளுக்குப் போகிறார்கள். இரண்டு நாளில் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்லும் வழி வேறு. முதலில் மேற்குக் கரைக்குப் போங்கள். அந்தப் பாலைவனம் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான விடை கடலில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மணலேறினால் பார்ப்பதெல்லாம் வேறாகத் தெரியும்.

எனக்கு ஊர் தூத்துக்குடி, வேலை கப்பல் எஞ்சின் அறையில். ஒருமுறை பழுதுபார்ப்புக்காக எங்கள் கப்பல் நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்தில் ஐந்து வாரம் நின்றது. உள்ளே நுழைந்த நாளில் எஞ்சினைக் குளிர்விக்க இழுக்கும் கடல்நீரின் வெப்பமானி 14 டிகிரி காட்டியது. எங்கள் ஊரில் அது 28, 29 காட்டும். வால்விஸ் பே மகர ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெதுவெதுப்பான கடல் இருக்க வேண்டிய இடம். அன்று எழுந்த கேள்வியோடு கரையிறங்கினேன். அப்புறம் இரண்டு முறை என் மனைவியையும் அழைத்துப் போய் வந்தேன்.

முதல் நாள் ஸ்வாகோப்முண்ட் என்ற கடலோர ஊரில் தங்குங்கள். கடற்கரைக்குப் போய் நீரில் காலை நனையுங்கள்; எலும்பு வரை குளிரும். பெங்குவெலா நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்நீரைக் கொண்டுவருகிறது. தெற்குக் காற்று மேல்மட்ட நீரைக் கரையைவிட்டுத் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்க, கீழே உள்ள ஈரம் உயர முடிவதில்லை, மழை மேகமும் திரள்வதில்லை. கிழக்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரமோ வழியிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கரையில் ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடத் தேறுவதில்லை. எங்களூரில் ஒரு நல்ல ஐப்பசி மழை ஒரு மணி நேரத்தில் அதைக் கொட்டிவிடும்.

ஆனால் ஈரம் மூடுபனியாக வருகிறது. அடுத்த நாள் விடியுமுன் எழுந்து வெளியே நடங்கள். சட்டை நனையும், கூரைகளில் நீர் சொட்டும், நூறு அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பாலைவனத்தில் நிற்கிறோம் என்று நம்பவே முடியாது. வெயில் ஏற ஏறப் பனி விலகும். அதற்குள் காரை எடுத்து அவசரப்படாதீர்கள். கடலோரமாக வடக்கே போகும் உப்புச் சாலை பனியில் நனைந்தால் வழுக்கும். விளக்கைப் போட்டு மெதுவாகத்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் கேப் கிராஸ் வரை போனால் பெரும் கடல்நாய்க் கூட்டம் ஒன்றையும், 1486-இல் போர்த்துகீசிய மாலுமி தியோகு காவ் கல்சிலுவை நட்ட இடத்தையும் பார்க்கலாம். இப்போது நிற்பது பிரதிதான். ஆழத்து நீர் கொண்டுவரும் சத்தில் மீன் பெருகுகிறது. அந்த மீனை நம்பித்தான் இத்தனை கடல்நாய்கள். செழிப்பையெல்லாம் கடல் வைத்துக்கொண்ட கரை இது.

கப்பல்காரனுக்கு இந்தக் கரை பயம் தரும். பனியில் வழி தெரியாமல் தரைதட்டினால், நீந்திக் கரையேறினாலும் குடிக்கத் தண்ணீர் கிடையாது. வடக்குப் பகுதிக்கு எலும்புக்கூட்டுக் கரை என்றே பெயர். காசு இருந்தால் ஸ்வாகோப்முண்டிலிருந்து தெற்கே போகும் சிறு விமானத்தில் ஏறி, 1909-இல் பனியில் தரைதட்டிய எட்வர்ட் போலன் என்ற ஜெர்மன் கப்பலைப் பாருங்கள். இன்று அது கடலிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே மணலில் கிடக்கிறது. கப்பல் நகரவில்லை, கரைதான் கடலுக்குள் வளர்ந்திருக்கிறது. நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

சரி, இனி உள்ளே போவோம். கார் உயரமாக இருக்கட்டும், மாற்றுச் சக்கரம் இரண்டு வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு வையுங்கள். எங்கே பெட்ரோல் பங்க்கைக் கண்டாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சரளைச் சாலையில் எண்பதைத் தாண்டாதீர்கள், சடாரென்று பிரேக் போடாதீர்கள். அங்கே வண்டி கவிழ்வதுதான் பெரிய ஆபத்து. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் கல் குத்துவது குறையும். எனக்கு ஒரே நாளில் இரண்டு டயர் போனது. இரண்டு மணி நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே வந்தது; அவர்கள் தயங்காமல் இறங்கி உதவினார்கள். நீங்களும் யாராவது நிற்பதைப் பார்த்தால் நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சாலையைவிட்டு வண்டியை இறக்காதீர்கள். சரளைச் சமவெளியில் கல்லோடு ஒட்டி வளரும் பாசிபோன்ற லைக்கன்கள் பனிநீரைக் குடித்தே வாழ்கின்றன. காலையில் பச்சையாகவும் மதியம் கரிந்தும் தெரியும். ஒரு சக்கரத் தடம் பதிந்தால் பல பத்தாண்டுகளுக்கு அழியாது. வெல்விட்சியா செடியையும் எட்ட நின்றே பாருங்கள். ஆயுள் முழுதும் இரண்டே இலைகள். ஆயிரம் ஆண்டைத் தாண்டியவையும் உண்டு.

குய்செப் ஆற்றங்கரைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பெரும்பாலும் வறண்டு கிடக்கும் காட்டாறு. தென்கரையில் செம்மணல் மலைகள், வடகரையில் சாம்பல் நிறச் சரளைவெளி, நடுவில் பச்சை மரங்கள். தெற்குக் காற்று மணலை வடக்கே தள்ளிக்கொண்டே வருகிறது. எப்போதாவது வரும் வெள்ளம் அதை அடித்துப்போய்விடுகிறது. அதனால் மணல் ஆற்றோடு நின்றுவிடுகிறது. 1962-இல் பூச்சியியலாளர் சார்லஸ் காக் தொடங்கிய கோபாபெப் ஆய்வு நிலையம் இந்தக் கரையில்தான் உள்ளது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பனி வரும் காலையில் மணல் விளிம்பில் ஏறித் தலைகீழாக நிற்கும் கருவண்டை இங்கே ஆராய்ந்தார்கள். அதன் முதுகில் படியும் நீர் வழிந்து வாய்க்கு வருகிறது.

இந்த ஆற்றோரத்தில் டோப்னார் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய உணவு நாரா. இலையே இல்லாத முட்புதர், வேர் நிலத்தடி நீர் வரை இறங்கும், காய் முலாம்பழம்போல் இருக்கும். சதையைக் காய்ச்சிப் பரப்பிக் காயவைப்பார்கள், விதையை வறுத்துக் கொறிப்பார்கள். ஒரு பாட்டி என் கையில் விதை கொடுத்து, எப்படிப் பல்லில் வைத்து உடைப்பது என்று காட்டினார். வெள்ளரி விதையை விடக் கொழுப்பு, நல்ல ருசி. புதரிலிருந்து நீங்களாகப் பறிக்க வேண்டாம்; அவர்களிடம் விலைக்கு வாங்குங்கள்.

இப்போது சோசஸ்ஃப்ளேவுக்குப் போகலாம். தேசியப் பூங்காவின் சேஸ்ரீம் வாசலுக்கு உள்ளேயே தங்க இடம் பிடித்தால் விடியுமுன் கிளம்பிவிடலாம். அறுபது கிலோமீட்டர் தார்ச்சாலை, கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழமணல். நாலு சக்கர இழுவை இல்லையென்றால் அங்குள்ள வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். இந்த மணலில் பெரும்பகுதி நாட்டின் தெற்கு எல்லையில் ஓடும் ஆரஞ்சு ஆறு கடலில் சேர்த்தது. அலையும் நீரோட்டமும் அதை வடக்கே நகர்த்த, காற்று கரையேற்றியது. உள்ளே போகப் போகச் சிவப்பு கூடுவதற்குக் காரணம், மணலில் படிந்த இரும்புத்துரு. நம் தேரிக்காட்டுச் சிவப்புக்கும் அதே காரணம்தான். பக்கத்திலேயே டெட்ஃப்ளே என்ற வறண்ட களிமண் தரையில் நிற்கும் கருமரங்கள் செத்து அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மணல் ஆற்றை மறித்ததால் செத்தன. மக்குவதற்கு ஈரம் இல்லாததால் நிற்கின்றன. தொடாதீர்கள்.

கடைசியில் தெற்குக் கரையில் உள்ள லூடரிட்ஸ். தூரம்தான், ஆனால் விட்டுவிடாதீர்கள். துறைமுகத்தை ஒட்டிய சுறாத் தீவில் 1905 முதல் 1907 வரை, அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மானியர்களின் படை ஹெரேரோ, நாமா மக்களை அடைத்து வைத்தது. இந்தக் குளிர்காற்றில், போதிய உணவும் உடையும் இன்றி, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். உயிரோடிருந்தவர்களை ரயில்பாதை போடவைத்தார்கள். 1904 முதல் 1908 வரை நடந்ததை இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-இல்தான். நான் போனபோது தீவில் சுற்றுலாக் கூடாரம் போட இடம் வைத்திருந்தார்கள். அங்கே தூங்க எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் தங்கி, காலையில் நடந்துபோய் வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் கோல்மன்ஸ்கோப் என்ற பழைய வைரச் சுரங்க ஊர். 1908-இல் சகரியாஸ் லேவாலா என்ற ரயில்வே கூலி பாதையில் மணல் அள்ளும்போது மின்னும் கல்லைக் கண்டு மேற்பார்வையாளர் அவுகஸ்ட் ஸ்டவுக்கிடம் கொடுத்தார். ஸ்டவுக் கோடீஸ்வரரானார், லேவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வைரங்களும் மணல் வந்த வழியிலேயே, ஆற்றில் இறங்கிக் கடலோடு வடக்கே வந்தவை. வைரம் தீர்ந்து, 1950-களில் ஊர் காலியானது. காலையிலேயே போங்கள், பிற்பகலில் மணல் முகத்தில் அறையும். வீடுகளுக்குள் மணல் முழங்காலுக்கு மேல் நிற்கும். அங்குள்ள எந்தக் கதவையும் தள்ளிப் பார்க்காதீர்கள். திறந்திருக்கும் வழியாக மட்டும் நுழைந்து வாருங்கள்.