ஆத்தென்டிகேட்டர் கோடு போட்டும் க்ளவுட் ஸ்டோரேஜ் உள்ள விடலையா? இப்படி பண்ணி பாருங்க

பாஸ்வேர்ட் கரெக்ட், ஆத்தென்டிகேட்டர்ல (பாஸ்வேர்டுக்கு அப்புறம் கேக்கற கோட காட்டுற போன் ஆப்) வர்ற 6 நம்பரையும் பாத்து பாத்து தான் அடிக்கிறீங்க, ஆனா கூகுள் ட்ரைவோ டிராப்பாக்ஸோ தப்பான கோடுன்னே சொல்லிட்டு இருக்கா? எதுல கை வைக்கறதுக்கும் முன்னாடி ஒண்ணு: வேற லேப்டாப்லயோ பழைய போன்லயோ அதே அக்கவுண்ட் இன்னும் லாகின்ல இருந்தா அதுல சைன் அவுட் மட்டும் பண்ணிடாதீங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப போன் டைம பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய பேருக்கு பிரச்சனையே இதுதான். அந்த கோடு நெட்ல இருந்து வர்றது இல்ல (ஏரோப்ளேன் மோட்ல போட்டு பாருங்க, அப்பவும் மாறிட்டே இருக்கும்). முதல்ல செட்டப் பண்ண க்யூஆர் ஸ்கேன் பண்ணப்போ சேவ் ஆன ரகசிய கீயையும் போன் கடிகாரத்தையும் வச்சு 30 செகண்டுக்கு ஒரு தடவ ஆப்பே கணக்கு போடுது, அந்தப் பக்கம் சர்வரும் அதே கணக்க அதோட டைம்ல போடுது, உங்க போன் ரெண்டு மூணு நிமிஷம் முன்ன பின்ன ஓடுனா ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? செட்டிங்ஸ்ல தேதி, நேரம் போய் டைம் ஸோனோட சேத்து ஆட்டோமேட்டிக்ல விடுங்க. அப்புறம் ஆப்ல புது நம்பர் மாறுன உடனே அடிங்க, முடியப்போற நம்பர அவசரமா அடிக்காதீங்க.

டைம் சரியா இருந்தும் வரலன்னா ஆப்ல ஒரே அக்கவுண்ட் பேர்ல ரெண்டு என்ட்ரி இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது தடவ செட்டப் பண்ணிருந்தா பழைய கீ பொதுவா செத்துடும், ஆனா ஆப்ல அது பாட்டுக்கு நம்பர் காட்டிட்டே இருக்கும். இன்னொரு என்ட்ரில இருக்கறத போட்டு பாருங்க.

எஸ்எம்எஸ் கோடா? திரும்ப திரும்ப ரீசென்ட் அமுக்காம கடைசியா வந்தத மட்டும் போடுங்க.

போனே இல்லன்னா பேக்கப் கோடு (அவசரத்துக்குன்னு முன்னாடியே எடுத்து வைக்கற கோடு) தான். கூகுள்ல 10 கோடு தருவாங்க, ஒவ்வொண்ணும் 8 நம்பர், ஒரு தடவ தான் செல்லும். அதையும் எடுத்து வைக்கலையா, இப்ப தான் அந்த லாகின்ல இருக்கற லேப்டாப்புக்கு வேலை: அதுல செக்யூரிட்டி செட்டிங்ஸ் போய் புது போன்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணி சேத்துட்டு, அது வேலை செய்யுதுன்னு பாத்த அப்புறம் பழசத் தூக்குங்க. பாஸ்வேர்ட் திரும்ப கேக்கும், சில நேரம் கோடும் கேக்கும், ஆனா தெரிஞ்ச டிவைஸ்ங்கறதால வேற வழியும் காட்ட வாய்ப்பு அதிகம். ஒன்ட்ரைவ்ல கொஞ்சம் உஷாரு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கற எல்லா செக்யூரிட்டி விவரத்தையும் ஒட்டுமொத்தமா மாத்துனா 30 நாள் காத்திருக்க வைப்பாங்க, அதனால பழைய நம்பரோ மெயிலோ ஒண்ணாச்சும் கையில இருந்தா அத வச்சே உள்ள போக பாருங்க.