அறுபதுக்கு முன் மருத்துவக் காப்புறுதி: எங்கிருந்து தொடங்குவது?

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் மாமாவுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. போன கிழமை ஒரு முகவர் வந்து கலர் கலராக நாலைந்து தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "மருமகன், இதில எது நல்லம்?" என்று மாமா போன் எடுத்தார். அந்தத் தாள்களை மடித்து வையுங்கள், முதலில் ஒரு வெற்றுக் கொப்பியை எடுங்கள் என்றேன்.

முதல் படி: எதற்குக் காசு போகும்?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பில் வராது. காசு போவது வேறு இடங்களில்: வெளியே எடுக்கும் ஸ்கேன், பார்மசியில் வாங்கும் மருந்து, தனியார் அறை, கொழும்புப் பயணம். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். கூடப் போகிறவரின் தங்குமிடமும் சாப்பாடும் பெரும்பாலும் எந்தக் காப்புறுதியிலும் வராது. அதற்குத் தனியாகச் சேமிப்பு வேண்டும்.

இரண்டாம் படி: கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

அரச ஊழியர் என்றால் சம்பளத்தில் 'அக்ரஹார' கழிகிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் மருத்துவக் காப்புறுதித் திட்டம் இது, ஓய்வூதியர்களுக்கும் உண்டு. பென்சன் கோவை போவதற்கு முன்பே அலுவலகக் கணக்குப் பிரிவில் கேளுங்கள்: தொடர எந்தப் படிவம், மாதம் எவ்வளவு கழியும், மனைவிக்கும் பொருந்துமா?

தனியார் துறை என்றால் கம்பனியின் குழுக் காப்புறுதி பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். ஊழியர் நம்பிக்கை நிதியம் கண் வில்லை பொருத்தவும் இருதய சத்திரசிகிச்சைக்கும் உதவி தருகிறது, ஆனால் பங்களிப்பு போய்க்கொண்டிருக்கும் உறுப்பினர்களுக்கு. கண்ணில் வெண்புரை இருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தால், வேலையில் இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள். பலர் 'ஓய்வெடுத்த பிறகு ஆறுதலாக' என்று தள்ளிப்போடுவதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தை வாசிப்பது

இப்போது முகவரின் தாள்களை விரிக்கலாம். முன்பக்கத்தில் இருக்கும் பெரிய தொகையைப் பார்க்க வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்: எந்த வயது வரை சேரலாம், எந்த வயது வரை புதுப்பிக்கலாம்? அந்தத் தொகை வருஷத்துக்கா, ஒரு நோய்க்கா? அறை வாடகைக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு? ஒரு இரவாவது வைத்தியசாலையில் தங்கினால்தானா காசு தருவார்கள்? வைத்தியசாலையே கம்பனியிடம் காசு எடுக்குமா, நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா? முதல் விதம் என்றால், கிழக்கில் அந்தப் பட்டியலில் எந்த வைத்தியசாலை இருக்கிறது?

சேரும்போதே இருக்கிற வருத்தங்களுக்குப் பல ஒப்பந்தங்கள் காசு தராது, அல்லது காத்திருப்புக் காலம் வைக்கும். அதற்காக மறைக்கக் கூடாது. என் பெரியம்மா பிரஷரை எழுதாமல் கையெழுத்து வைத்தார். முகவர்தான் "தேவையில்லை அம்மா" என்றாராம். பிறகு நெஞ்சு நோவுடன் படுத்தபோது, பத்து வருஷமாக மருந்து எடுப்பது கிளினிக் கொப்பியில் எழுதிக் கிடந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சீனி, பிரஷர், பழைய ஒப்பரேஷன் எல்லாவற்றையும் எழுதி, நிரப்பிய படிவத்தின் பிரதியையும் வாங்கி வையுங்கள்.

நான்காம் படி: கட்டுப்பணம்

காப்புறுதிக்கு நாம் கட்டும் இன்றைய தொகையை மட்டும் கேட்டால் போதாது. 65, 70 வயதில் எவ்வளவு என்று அட்டவணை கேளுங்கள். பென்சனில் கட்ட முடியாத தொகை என்றால், சிறிய திட்டமும் வங்கியில் ஒரு வைப்பும் எனக்கு மேலாகத் தெரிகிறது.

கோரிக்கையில் பிணக்கு வந்தால், முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (இப்படிப்பட்ட முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

மாமா முதலாம் படியில்தான் நிற்கிறார். கிளினிக் கொப்பியைத் தேடுகிறாராம்.