பிக்கப்பின் பின் கண்ணாடி ஒழுகுகிறதா? சிலிக்கோன் டியூபை எடுப்பதற்கு முன்

பிக்கப் (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள வண்டி) வாங்கி ஒன்றிரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. பலத்த மழைக்கு அடுத்த நாள் பின் சீட்டின் முதுகுப் பக்கம் சில்லென்று இருக்கும். கால்மிதியைத் தூக்கினால் கார்பெட் சொதசொதவென்று கிடக்கும். பின்னால் இருப்பது கண்ணாடி, ஆகவே ஒழுகுவதும் கண்ணாடிதான் என்று முடிவு செய்து, போகிற வழியில் ஒழுகலை அடைக்கிற சிலிக்கோன் சீலன்ட் டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெரும்பாலான தவறுகள் அந்த டியூபிலிருந்துதான் தொடங்குகின்றன. ஈரம் தெரிகிற இடமும் தண்ணீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பிக்கப்பில் பெரும்பாலும் இருப்பதும் இல்லை.

பழியைக் கண்ணாடி மேல் போடுவது

கேபினின் பின்பக்கம், கண்ணாடிக்கு நேர் மேலே, கூரை முடிகிற விளிம்பில் மூன்றாவது பிரேக் லைட் இருக்கும். அமெரிக்காவில் கார்களுக்கு 1986 மாடலிலிருந்தும், சிறிய ட்ரக்குகளுக்கு 1994 மாடலிலிருந்தும் கட்டாயமாக்கப்பட்ட விளக்கு அது. அதைப் பொருத்துவதற்காகத் தகட்டில் ஒரு திறப்பு விட்டு, விளக்கைச் சுற்றித் தண்ணீர் புகாமலிருக்க மெல்லிய ஃபோம் கேஸ்கெட் ஒன்றை வைத்து, ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு அந்த ஃபோம் அமுங்கிப் போகும். ஒருமுறை அமுங்கியது மறுபடி எழாது. கூரையில் விழுந்து பின்னோக்கி வழிகிற மழைநீர் நேராக அந்த விளக்கின் மேல் விளிம்பில்தான் வந்து முட்டும். உள்ளே புகுந்ததும் கூரை லைனிங்கின் மேல் பரவி, கண்ணாடியின் மேல் விளிம்பில் வந்து சொட்டும். பார்க்கிறவர் கண்ணாடிதான் ஒழுகுகிறது என்று சத்தியம் செய்வார்.

விளக்கைக் கழற்றிப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. பெரும்பாலான வண்டிகளில் இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் கையோடு வந்துவிடும், வயரை மட்டும் இழுத்துவிடக் கூடாது. கேஸ்கெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல கேஸ்கெட்டில் அழுக்கு வெளி விளிம்போடு நின்றுவிடும். ஒழுகிய கேஸ்கெட்டில் ஓரிடத்தில் மட்டும் கருப்பாக ஒரு கோடு வெளியிலிருந்து உள்பக்கம் வரை ஓடியிருக்கும். தண்ணீர் நடந்து போன தடம் அது. அப்படி இருந்தால் புதுக் கேஸ்கெட் போட்டால் போதும். கேஸ்கெட் தனியாகக் கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் பட்டை) சுற்றலாம், பின்னால் கழற்றவும் வசதி. ஆனால் "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும்" என்று பழைய கேஸ்கெட்டோடு ஸ்க்ரூவை முறுக்காதீர்கள். விளக்கின் பிளாஸ்டிக் வளைந்து, ஸ்க்ரூக்களுக்கு நடுவில் இன்னும் பெரிய இடைவெளி விழும்.

விளக்கு நன்றாக இருந்தாலும் சந்தேகப் பட்டியல் முடிந்துவிடாது. கூரையின் இரு ஓரங்களிலும் தகடுகள் சேருகிற மூட்டில் போட்ட சீலர் விட்டுப்போயிருக்கலாம். மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டை மூடியிருப்பதால் அது வெளியில் தெரியாது. ஆன்டெனாவின் அடிப்பகுதி இன்னொரு இடம். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் பின்பக்க வடிகுழாய்கள் கேபினின் பின் தூண்களுக்குள்தான் இறங்குகின்றன. குழாய் அடைத்திருந்தாலோ, இணைப்பில் கழன்றிருந்தாலோ தண்ணீர் பின் சீட்டுக்குத்தான் வரும். அடைப்பை எடுக்கிறேன் என்று கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பது தனித் தவறு. அடைப்பு போவதற்கு முன் குழாய் உள்ளுக்குள் கழன்றுகொள்ளும்; பிறகு லைனிங்கை இறக்காமல் மாட்ட முடியாது.

பலருக்கு இருப்பதே தெரியாத ஓர் இடமும் உண்டு. கேபினின் பின்சுவரில், சரக்குத் தொட்டிக்கு எதிரே, காற்று வெளியேறுவதற்கான, மடல் வைத்த வென்ட்டுகள் இருக்கும். கதவைச் சாத்தும்போது உள்ளே அடைபடுகிற காற்று அந்த மடல்கள் வழியாகத்தான் போகிறது. அதைச் சுற்றியிருக்கும் ஃபோம் கெட்டுவிட்டால், தொட்டியில் பட்டுத் தெறிக்கிற தண்ணீர் நேராகச் சீட்டின் பின்னால் இறங்கும். மேலே எல்லாம் காய்ந்திருக்க, தரை மட்டும் நனைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

நகரும் கண்ணாடியைச் சாதாரணக் கண்ணாடி போல நினைப்பது

நடுப்பகுதி மட்டும் விலகித் திறக்கிற பின் கண்ணாடியில் ஒழுகுவதற்கான இடங்கள் அதிகம். கீழ்த் தடத்தில் தண்ணீர் வருவது குறை அல்ல, அமைப்பே அப்படித்தான். கொஞ்சம் தண்ணீர் தடத்துக்குள் வரும், சிறு வடிதுளைகள் வழியாக வெளியே போய்விடும். துளைகளில் தூசியும் இலைத்தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தடம் நிரம்பி உள்பக்கமாக வழியும். மெல்லிய நைலான் நூலோ பிளாஸ்டிக் குச்சியோ விட்டுச் சுத்தம் செய்தால் தீருகிற வேலை இது. வெளியிலிருந்து சீலன்ட் பூசுகிறவர்கள் முதலில் அடைப்பதே இந்தத் துளைகளைத்தான் என்பது வேடிக்கை.

அடுத்தது விரிசல். இந்த வகைக் கண்ணாடியைத் தாங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் சட்டம். பனி நீக்கும் சூட்டுக் கம்பிகள் ஓடும்போது கண்ணாடி ஒரு அளவிலும் பிளாஸ்டிக் வேறு அளவிலும் விரியும். அதற்குமேல் மேடு பள்ளத்தில் கேபின் முறுக்கிக்கொள்வதும் சேரும். சட்டத்தில், குறிப்பாக நகரும் பகுதியின் மூலைகளுக்குப் பக்கத்தில், மயிரிழை போல விரிசல் விடும். சும்மா பார்த்தால் தெரியாது. ஒருவர் உள்ளிருந்து சட்டத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்த, வெளியே இருப்பவர் சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு வாய் திறப்பது தெரியும். பசை போட்டு ஒட்டினால் கொஞ்ச நாள் நிற்கும், அவ்வளவுதான். வழக்கமாகக் கண்ணாடியும் சட்டமும் சேர்ந்த முழுப் பாகத்தையே மாற்றுகிறார்கள். மாற்றும்போது பாக எண் திருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதே பழைய வடிவமைப்பே திரும்ப வந்தால் விரிசலும் திரும்ப வரும்.

ஹோஸை எடுத்ததும் கூரையில் பாய்ச்சுவது

சோதனையில் செய்கிற தவறுதான் ஆளை அதிகமாகச் சுற்றலில் விடுகிறது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். மழையில் ஒருபோதும் ஒழுகாத நல்ல ரப்பரைக்கூட அது தாண்டிவிடும். நீங்கள் இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவீர்கள். தோட்டத்து ஹோஸ், நாஸில் இல்லாமல், மெதுவான ஓட்டம் போதும்.

வரிசையும் முக்கியம். மேலே ஊற்றினால் விளக்கு, கண்ணாடி, தடம், வென்ட் எல்லாம் ஒரே நேரத்தில் நனையும். உள்ளே ஈரம் வந்தாலும் எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பிறகு ஒரு பக்கம், மறுபக்கம், மேல் விளிம்பு, கடைசியாக பிரேக் லைட்டும் கூரை மூட்டும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது விடுங்கள். சில கசிவு உள்ளே வந்து சேரவே அவ்வளவு நேரம் பிடிக்கும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும், சீட்டின் முதுகை மடக்கி, பின்சுவர் தெரிகிற மாதிரி. சந்தேக இடங்களுக்குக் கீழே டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்தாலோ, சாக்பீஸ் தூளைத் தடவி வைத்தாலோ முதல் சொட்டு எங்கே என்று கச்சிதமாகக் காட்டிக்கொடுக்கும்.

சமதரையில் ஒழுகவில்லை என்றால் உடனே "சரியாகிவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். மழையன்று வண்டி எப்படி நின்றது என்று யோசியுங்கள். முன்பக்கம் உயர்ந்த சரிவில் நிறுத்தினால் கூரைத் தண்ணீர் முழுவதும் பின்னால் ஓடும், சன்ரூஃப் தட்டில் தேங்கியதும் பின்பக்கம் சாயும். அதே கோணத்தில் நிறுத்திச் சோதித்தால்தான் அதே கசிவு வரும்.

தண்ணீரில் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் ஃபேனை உச்சத்தில் வையுங்கள். பின்சுவர் வென்ட்டுகளை டேப் போட்டு அடைத்துவிட்டு, வெளியே கண்ணாடி ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் காற்று கசிகிற இடத்தில் குமிழி வரும்.

லைனிங்கை இறக்கிப் பார்க்க ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். கூரையின் இரு ஓரங்களிலும் பக்கவாட்டு ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதை ஒட்டிய பாகங்களைக் கழற்றும் முறை வண்டிக்கு வண்டி வேறு. சர்வீஸ் மேனுவலில் சொன்னபடி பேட்டரி இணைப்பை எடுத்து, சொன்ன நேரம் காத்திருந்த பிறகே தொட வேண்டும். தவிர, லைனிங் ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்புக் கோடு நிரந்தரம்.

சிலிக்கோன்

இப்போது அந்த டியூபுக்கு வருவோம். நகராத கண்ணாடியைத் தகட்டோடு பிடித்திருப்பது பாலியூரிதேன் பசை. சிலிக்கோன் பூசிய பரப்பில் அது ஒட்டாது. இன்று நீங்கள் பூசுகிற ஒரு வரியை, நாளை கண்ணாடி மாற்ற வருகிறவர் கடைசித் துளி வரை சுரண்டி எடுத்தாக வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் புதுக் கண்ணாடியும் அந்த இடத்தில் ஒழுகும். வினிகர் வாடை அடிக்கிற ரகம் இன்னும் மோசம். இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், பெயின்ட் கீறலில் பட்டால் துரு பிடிக்கும். இதெல்லாம் போக, தண்ணீர் வேறெங்கோ நுழைகிறது என்றால், அது வெளியேறிக்கொண்டிருந்த வழியை நீங்கள் அடைத்திருப்பீர்கள். ரப்பர் பீடிங்குக்கு மெருகு ஏற்ற அடிக்கிற சிலிக்கோன் ஸ்ப்ரேயும், பசை வேலை நடக்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்டுகிற கட்டம் வந்தால் அது கைதேர்ந்தவர் வேலை. பழைய பாலியூரிதேன் பசையை மெல்லிய படலமாக விட்டுவைத்து அதன்மேல் புதியதை இடுவார்கள்; தகட்டில் விழுந்த கீறலுக்குப் பிரைமர் அடிப்பார்கள். அதை அவசரத்தில் விட்டால் கண்ணாடி ஓரத்தில் துரு கிளம்பி, பசையையே தூக்கிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் யூரிதேன் இறுகும் என்பதால், எவ்வளவு நேரம் ஆகும் என்பது பசையையும் அன்றைய காற்றையும் பொறுத்தது. அவர் சொன்ன நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுக்காதீர்கள். முதல் நாள் பக்கவாட்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். பிக்கப் கேபின் சிறியது. கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே ஏறுகிற அழுத்தம் இறுகாத கண்ணாடியைத் தள்ளும்.

வாரன்டியில் வாயை விடுவது

புது வண்டி என்றால் கையில் எதையும் எடுப்பதற்கு முன் வாரன்டி கையேட்டைப் புரட்டுங்கள். நீங்களே பூசிய சீலன்டைக் கண்டால், அதையே காரணமாகக் காட்ட சர்வீஸ் சென்டருக்கு வாய்ப்பு கிடைக்கும். கூரையில் கேரியர், கூடுதல் விளக்கு என்று வெளியில் ஓட்டை போட்டிருந்தால் அந்தப் பேச்சு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். சில நிறுவனங்கள் பீடிங், பொருத்தம் சரிசெய்தல் போன்றவற்றுக்கு முழு வாரன்டியைவிடக் குறைந்த காலமே தருகின்றன. அதனால் "அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளுவது நஷ்டம். துருவுக்கான நீண்ட வாரன்டியை நம்புகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் தகடு துருவேறி ஓட்டை விழுந்தால்தான் செல்லும்.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "பின் கண்ணாடி ஒழுகுகிறது" என்று நீங்கள் சொன்னால் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். "இரவு முழுக்க மழை, முன்பக்கம் உயர்ந்த சரிவில் நின்றது, காலையில் இடது பின் சீட்டுக்குக் கீழே கார்பெட் நனைந்திருந்தது" என்று அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். சொட்டு விழுகிற வீடியோ இருந்தால் கொடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினாலும், அதையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். வாரன்டி முடிந்த பிறகு அதே கசிவு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். அந்த மாடலுக்கு நிறுவனம் தொழில்நுட்பச் சுற்றறிக்கை ஏதாவது விட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் விற்கிற மாடல் என்றால் அங்கத்திய சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்திலேயே அவற்றைத் தேடலாம்.

மேலே தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்தது என்பது

கார்பெட்டுக்குக் கீழே தடிமனான ஃபோம் இருக்கும். மேல்பரப்பு ஒரு வெயிலில் காய்ந்துவிடும், ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சை பிடிக்க ஒன்றிரண்டு நாள் ஈரம் போதும். எனவே சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்து, ஃபேன் காற்று உள்ளே போகும்படி விட வேண்டும். பின்சுவரில் ஒட்டியிருக்கிற சத்தம் தடுக்கும் திண்டையும் அழுத்திப் பார்க்க மறக்காதீர்கள். ஜன்னலை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்துவதால் ஈரம் போகாது. ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து திரும்ப இறங்கும். வாசனைத் திரவியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

புது ட்ரக்குகளில் பின் சீட்டுக்குக் கீழும் பின்னும் ஆம்ப்ளிஃபையர், இன்வெர்ட்டர், கன்ட்ரோல் மாட்யூல், வயர் கனெக்டர் என்று ஏதேதோ இருக்கும். சில ஹைபிரிட்களில் உயர் மின்னழுத்த பேட்டரியே அங்கேதான். கனெக்டர் பின்களில் பச்சையாக அரிப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹைபிரிட் பேட்டரிப் பக்கம் தண்ணீர் போயிருந்தால் கை வைக்காமல் நேராக சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

சரிசெய்து முடித்த கையோடு பின்சுவர்ப் பேனலையும் சீட்டையும் திரும்ப மாட்டிவிட வேண்டாம். அதே கோணத்தில் வண்டியை நிறுத்தி, அதே வரிசையில் மறுபடி ஹோஸ் பிடித்துப் பாருங்கள். முதலில் பிடிபட்ட ஓட்டையை அடைத்ததும், அதுவரை தெரியாமலிருந்த இரண்டாவது ஒன்று வெளிப்படுவது இந்த வண்டிகளில் சாதாரணம். அப்புறம் ஒரு நல்ல மழை வரும் வரை பேனலைத் திறந்தே வைத்து, அடியில் உலர்ந்த டிஷ்யூ ஒன்றை விரித்து வையுங்கள்.